6 மாதமும் 30 மணி நேரமும்

2022 ஜூலை முடிந்து ஆகஸ்ட் தொடங்கும் நேரத்தில், 'என்ஜாய் எஞ்சாமி' என்ற சுயாதீனத் தமிழ்ப் பாட்டு எப்படி உருவானது என்பது பற்றி இரண்டு கணக்குகள் வெளியே வந்தன. மெட்டுக் கட்டியது, எழுதியது, பாடியது எல்லாம் தான்தான், யாரும் ஒரு மெட்டையோ ஒரு சொல்லையோ எடுத்துக் கொடுக்கவில்லை, கிட்டத்தட்ட 6 மாதம் தூக்கம் கெட்டு உழைத்தேன் என்று ராப்பர் அறிவு எழுதினார். மெட்டமைக்க உட்கார்ந்ததிலிருந்து கடைசிப் பதிவு வரை சுமார் 30 மணி நேரம் ஆனது, மெட்டுகளில் பெரும்பகுதியைப் பாடகி தீயும் தானும் அமைத்தோம், மீதியை அறிவு அமைத்தார் என்று இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் எழுதினார். இணையம் உடனே இரண்டு கட்சியானது. யார் சொல்வது உண்மை என்பதே எல்லோருக்கும் கேள்வி. இரண்டும் உண்மையாக இருக்க முடியும் என்று சொன்னவர்கள் மிகக் குறைவு.

முடியும் என்றே நினைக்கிறேன். ஒருவர் சொல் விளைந்த காலத்தைக் கணக்கிடுகிறார், மற்றவர் ஒலிக்கோப்பு உருவான காலத்தைக் கணக்கிடுகிறார். ஒரு ராப்பரும் ஒரு பாப் பாடகியும் ஒரு பீட்டின் (தாள இசைத்தடத்தின்) மேல் சந்திக்கும் எந்தப் பாட்டிலும் இந்த இரண்டு கடிகாரங்களும் ஓடும். நம் ஊரில் இசைக்கான வரவு, அதாவது யார் எதைச் செய்தார் என்ற பெயர்க்குறிப்பு, எழுதும் முறை முழுக்க சினிமாவிலிருந்து வந்தது. இசை ஒருவர், வரிகள் ஒருவர், குரல் ஒருவர் என்று மூன்றே பெட்டி. ராப்பர் அந்த மூன்றுக்கும் நடுவில் விழுகிறவர். அவர் எந்தப் பெட்டியில் உட்கார்ந்தாலும் பாதி உழைப்பு வெளியே நிற்கும். 2021 மார்ச் 7-ஆம் தேதி பாட்டு வந்தபோது தலைப்பிலேயே இந்தச் சிக்கல் இருந்தது. தீ முதன்மைக் கலைஞர், அறிவு 'ஃபீச்சரிங்' (உடன் பங்கேற்பவர்), சந்தோஷ் நாராயணன் 'புரொடியூசர்'. மூன்று பெயர், மூன்று பட்டம். பாட்டில் யார் என்ன செய்தார் என்பதை மூன்றில் ஒன்றுகூட முழுதாகச் சொல்வதில்லை.

சொல்லுக்குள்ளேயே மெட்டு இருக்கும்போது

சினிமாப் பாட்டு பெரும்பாலும் மெட்டிலிருந்து தொடங்கும். இசையமைப்பாளர் தத்தகாரமாக ஒன்றைப் பாடித் தருவார், பாடலாசிரியர் அந்தச் சந்தத்துக்குள் சொல்லை உட்கார வைப்பார். நேர் நிரை பிசகினால் மாற்றுச் சொல் தேடுவார். இந்த முறையில் மெட்டு யாருடையது, சொல் யாருடையது என்பதில் தகராறே வராது, இரண்டும் இரண்டு கையிலிருந்து வருகின்றன. ராப் அப்படி வருவதில்லை. பீட் ஓடுகிறது. அதன் மேல் ராப்பர் அர்த்தமில்லாமல் முனகிப் பார்க்கிறார், எங்கே மூச்சு விடுவது, எந்த அடியில் அழுத்துவது, எந்தச் சொல்லை அடுத்த பாருக்குள் (தாளத்தின் அடுத்த சுற்றுக்குள்) தள்ளி முடிப்பது என்று தேடுகிறார். சொல்லும் தாளநடையும் ஒரே மூச்சில் பிறக்கின்றன. 90 பி.பி.எம் (நிமிடத்துக்கு 90 அடி) வேகத்தில் 4 அடி கொண்ட ஒரு பார் 2.67 விநாடி. வழக்கமான 16 பார் வெர்ஸ் (ராப் பத்தி) ஏறத்தாழ 43 விநாடி. அந்த 43 விநாடிக்குள் நூறு சொல்லுக்கு மேல் போகும். பாதிப் பாட்டுக்குச் சுருதிகூட இருக்காது. அதனாலேயே 'இதில் மெட்டு எங்கே இருக்கிறது' என்று கேட்டு, ராப்பரைப் பாடலாசிரியர் பெட்டியில் போட்டு மூடிவிடுவது எளிதாக இருக்கிறது.

'என்ஜாய் எஞ்சாமி' இன்னும் ஒரு படி சிக்கலானது. அதில் ராப் மட்டும் இல்லை, ஒப்பாரி இருக்கிறது. ஒப்பாரியின் அடி எப்படிக் கட்டப்படுகிறது என்று பாருங்கள். முதல் பாதியில் ஒரு செயல்: நட்டேன், வளர்த்தேன், வைத்தேன். அடுத்த பாதியில் அந்தச் செயல் பலிக்காமல் போன கதை. அடியின் கடைசியில் ஒரு 'யே' அல்லது 'ரே'. குரல் முதல் பாதியில் ஏறி நின்று, அந்தக் கடைசி நெடிலை இழுத்துக்கொண்டே இறங்கும். இறக்கத்தின் நீளத்தை மூச்சு தீர்மானிக்கிறது, இறங்கும் இடத்தைச் சொல்லின் கடைசி அசை தீர்மானிக்கிறது. மரம் வளர்த்துத் தோட்டம் செழித்தும் தன் தொண்டை நனையவில்லை என்று இந்தப் பாட்டில் வரும் அடியை எடுத்துக்கொள்ளுங்கள். சொல்லைத் தனியாகத் தாளில் எழுதி வைத்துவிட்டு, மெட்டை வேறொருவர் போட்டார் என்று பிரிக்கப் பார்த்தால், பிரிக்கும் கத்தி எங்கேயும் நுழையாது. அடியின் வடிவமே மெட்டு. அந்த வடிவத்தை எத்தனையோ தலைமுறைப் பெண்கள் இழவு வீடுகளில் பாடிப் பாடித் தேய்த்து வைத்திருக்கிறார்கள். அறிவுக்கு அது பாட்டி வள்ளியம்மாள் வழியாக வந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டுத் திரும்பி வந்தவர் அவர். பாட்டுக்குள்ளேயே அவர் பெயர் இருக்கிறது.

அதே பாட்டில் குயில் கூவுவதுபோல் தொடங்கி மறுபடி மறுபடி வரும் ஹூக் (பல்லவி) வேறு வகை வேலை. இரண்டே அசை, ஒரு சிறு இறக்கம், குழந்தைகூட இரண்டாவது முறை கேட்கும்போது சேர்ந்து பாடிவிடும். நல்ல ஹூக்குக்கு இலக்கணமே அதுதான்: குறுகிய சுர எல்லை, திரும்பத் திரும்ப வரும் ஒலி, மூச்சுக்கு இடைவெளி. நெருக்கமான சொற்களால் நிறைந்த வெர்ஸுக்குப் பிறகு கேட்பவருக்கு இளைப்பாற இடம் வேண்டும், ஹூக் அந்த இடம். தீயின் குரலில் உள்ள அடர்த்தி, சற்றே கரகரத்த ஓரம், சொல்லை முழுதும் உடைக்காமல் மெழுகுவதுபோல் விடும் பாங்கு, எல்லாம் அங்கே வேலை செய்கின்றன. அறிவின் குரல் தெருவில் நின்று கூப்பிடும் குரல், தொண்டை திறந்த குரல். இரண்டும் ஒரே மாதிரி இருந்திருந்தால் பாட்டு நின்றிருக்காது. ராப்பர்–பாடகி கூட்டணிப் பாட்டுகள் பெரும்பாலும் தோற்பது இந்த இடத்தில்தான். முடிந்த பாட்டில் 16 பாரைக் காலியாக விட்டு, வேறு ஊரில் இருக்கும் ராப்பருக்குக் கோப்பை அனுப்பி வாங்கி ஒட்டுவார்கள். ஹூக் காதலைப் பற்றி, வெர்ஸ் ராப்பர் தன் பெருமையைப் பற்றி. இங்கே ஹூக்கும் வெர்ஸும் ஒப்பாரியும் ஒரே நிலத்தைப் பேசுகின்றன.

30 மணி நேரத்துக்குள் என்ன இருக்கும்

ஸ்டுடியோ பக்கத்துக் கணக்கையும் நியாயமாகப் பார்க்க வேண்டும். 30 மணி நேரம் என்பது குறைவான உழைப்பு என்று ஏளனம் செய்தவர்கள் ஒரு ஒலிப்பதிவு செஷன் எப்படி நடக்கிறது என்று பார்த்திராதவர்கள். முதலில் வேகமும் சுருதியும் முடிவாக வேண்டும். பாடகிக்கு வசதியான சுருதியில் ஒப்பாரிப் பகுதி ராப்பருக்கு மேலே போய்விடும், ராப்பருக்கு ஏற்றபடி இறக்கினால் ஹூக்கின் அடி சுரங்கள் காற்றாகிவிடும், நடுவில் ஒரு இடம் தேட வேண்டும். பிறகு வழிகாட்டியாக ஒரு ட்ராக் பாடி வைப்பது, தாளக்கட்டு மாறும் இடங்களைக் குறிப்பது. பிறகு குரல் பதிவு: ராப் வெர்ஸை ஒரே மூச்சில் ஐந்தாறு டேக் (பதிவு முயற்சி) எடுத்து வரி வரியாக நல்லதைப் பொறுக்கி ஒட்டுவார்கள், அடியின் கடைசிச் சொற்களுக்கு மட்டும் தனியாக இன்னொரு அடுக்கு, இடையில் கத்தல்களும் பதில்களும். ஹூக்குக்கு முதன்மைக் குரல் நடுவில், இரட்டைக் குரல்கள் இடமும் வலமும். ராப் குரலும் தோல் வாத்தியங்களும் 1 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரை ஒரே இடத்துக்குச் சண்டை போடும், சொல் புரிய வேண்டுமென்றால் தாளத்தில் அந்தப் பகுதியைக் கொஞ்சம் குறைத்தே ஆக வேண்டும். இதையெல்லாம் 30 மணி நேரத்தில் முடிப்பது கைதேர்ந்தவர்களால்தான் ஆகும்.

ஆனால் ஒரு வேறுபாடு இருக்கிறது. ஸ்டுடியோவின் 30 மணி நேரத்துக்குச் சாட்சி இருக்கிறது. ப்ராஜெக்ட் கோப்பில் ஒவ்வொரு டேக்குக்கும் தேதியும் நேரமும் தானாகவே பதிவாகும். எந்த ட்ராக் எப்போது சேர்ந்தது, எந்த வடிவம் எப்போது சேமிக்கப்பட்டது என்று ஆண்டுகள் கழித்தும் திறந்து பார்க்கலாம். எழுதுகிறவரின் 6 மாதத்துக்கு அப்படி எந்தக் கோப்பும் இல்லை. பாட்டியிடம் உட்கார்ந்து கேட்டது, பேருந்தில் முனகியது, எழுதி அடித்தது எல்லாம் காற்றில் போய்விடும். பின்னால் தகராறு வரும்போது ஒரு பக்கம் ஹார்ட் டிஸ்க்கோடு நிற்கும், மறுபக்கம் நினைவை மட்டும் வைத்துக்கொண்டு நிற்கும். இந்தப் பாட்டில் யார் கையில் என்ன இருந்தது என்பது அவர்கள் விஷயம். பொதுவாக ராப் எழுதும் இளைஞர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய வேலை மிக எளிது: முனகலைப் போனில் பதிவு செய்யுங்கள். கோப்பின் பெயரில் தேதியையும் பாட்டின் வேலைப் பெயரையும் (தற்காலிகத் தலைப்பையும்) போடுங்கள். மாதம் ஒரு முறை அந்தக் கோப்புகளை உங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பிக்கொள்ளுங்கள். போன் மாறும்போது கோப்பின் உள்தேதி சில சமயம் மாறிவிடும், மின்னஞ்சலின் தேதி மாறாது.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் இந்த விஷயத்தில் நம் பழக்கத்தைவிட முன்னால் நிற்கிறது. இசையைச் சுரக்குறிப்பாக எழுதி வைத்தாலும் வைக்காவிட்டாலும் அதை உருவாக்கியவர் இசையமைப்பாளரே என்று 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தின் விளக்கப் பிரிவு சொல்கிறது. வாயால் மெட்டுக் கட்டியவரும் சட்டத்தின் கண்ணில் இசையமைப்பாளர். அதே சட்டம் இசைப் படைப்பிலிருந்து சொற்களை வெளியே எடுத்துத் தனி இலக்கியப் படைப்பாக வைக்கிறது. எனவே ஒரு பாட்டுக்கு உள்ளே குறைந்தது மூன்று உரிமைகள்: சொல், இசை, ஒலிப்பதிவு. நான்காவதாகப் பாடியவரின் நிகழ்த்துநர் உரிமை, அதற்கு 50 ஆண்டு ஆயுள். ஒரே மெட்டில் இருவர் கை பிரிக்க முடியாதபடி கலந்திருந்தால் அவர்கள் கூட்டுப் படைப்பாளிகள். இன்னொரு பொறியும் இருக்கிறது. ஹிப்ஹாப்பில் புரொடியூசர் என்றால் பீட் செய்து பாட்டை உருவாக்கியவர். சட்டத்தில் ஒலிப்பதிவின் புரொடியூசர் என்றால் அதைத் தயாரிக்க முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்தவர். அதாவது பெரும்பாலும் பாட்டை வெளியிடும் நிறுவனமான லேபிள். பாட்டின் தலைப்பில் புரொடியூசர் என்று போட்டுக்கொண்டதால் ஒருவருக்கு இசையமைப்பாளர் உரிமையும் வராது, ஒலிப்பதிவு உரிமையும் வராது. அதைத் தனியாக எழுத வேண்டும்.

ஜூலை 28

பாட்டு வந்த நாளிலிருந்தே முணுமுணுப்பு இருந்தது. 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் தீயும் ராப்பர் ஷான் வின்சென்ட் டி பாலும் மட்டும் இடம்பெற்றபோது, 'நீயே ஒளி'யை எழுதியவரும் 'என்ஜாய் எஞ்சாமி'யை எழுதிப் பாடியவருமான அறிவு மீண்டும் மறைக்கப்படுகிறார் என்று இயக்குநர் பா. இரஞ்சித் வெளிப்படையாகச் சொன்னார். பிறகு அறிவுக்குத் தனி அட்டை வந்தது. ஆனால் விஷயம் உடைந்தது 2022 ஜூலை 28 அன்று. சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் 44-ஆவது செஸ் ஒலிம்பியாட்டின் தொடக்க விழா. மேடையில் தீயும் நாட்டுப்புறப் பாடகி கிடாக்குழி மாரியம்மாளும் 'என்ஜாய் எஞ்சாமி'யைப் பாடினார்கள். அறிவு இல்லை. அவர் அப்போது அமெரிக்காவில் இருந்தார் என்பது பின்னால் சொல்லப்பட்ட விளக்கம். சில நாள் கழித்து, 6 மாதம் உழைத்தேன் என்ற அறிவின் இன்ஸ்டாகிராம் பதிவு வந்தது.

அன்று நடந்ததைத் தனிமனிதர்களின் நல்லெண்ணம், கெட்ட எண்ணம் என்று மட்டும் பார்த்தால் அடுத்த பாட்டிலும் இதுவே நடக்கும். வரவு எழுதும் முறையில் எந்த ஆணி கழன்றது என்று பார்க்க வேண்டும். ஃபீச்சரிங் என்பது ஒலிப்பதிவின் மேல் ஒட்டிய பட்டம், குரலுக்கு உரியது. நிகழ்த்துநர் உரிமை அவர் பாடிய அந்தக் குறிப்பிட்ட பதிவைத்தான் காக்கும். வேறொருவர் அதே பாட்டை மேடையில் பாடுவதை அந்த உரிமையை வைத்துத் தடுக்க முடியாது. குரல் மாறிய நொடியிலேயே ஃபீச்சரிங் பெயர் உதிர்ந்துவிடும். உதிராமல் எந்த மேடைக்கும் கூடவே போக வேண்டியவை சொல்லுக்கும் மெட்டுக்கும் உரிய பெயர்கள். அவற்றை மேடையில் யாரும் படிப்பதில்லை. கூடுதலாக, அரசு நடத்தும் அதிகாரப்பூர்வ விழாவில் ஒரு பாட்டை நிகழ்த்துவது உரிமை மீறல் ஆகாது என்று சட்டத்தின் 52-ஆவது பிரிவே விலக்கு வைத்திருக்கிறது. தனியார் நிகழ்ச்சி என்றால், பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் ராயல்டி வசூலிக்கும் சங்கமான ஐ.பி.ஆர்.எஸ்-இடம் உரிமம் வாங்க வேண்டும், அதற்காக யாராவது பாட்டுப் பட்டியலைப் படைப்பாளிகளின் பெயரோடு நிரப்ப வேண்டும். அரசு மேடையில் அந்தத் தாள்கூடத் தேவைப்படாது. மிகப் பெரிய மேடையில்தான் மிகக் குறைந்த காகிதம். படைப்பாளி என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் உரிமையை 57-ஆவது பிரிவு பதிப்புரிமைக்கு அப்பாற்பட்டதாகவே வைத்திருக்கிறது, பாட்டை விற்றாலும் அது போகாது. ஆனால் அதைக் கேட்டு வாங்கும் பொறுப்பு படைப்பாளி தலையில்.

இந்த இடத்தில் சாதியைப் பேசாமல் நகர்ந்தால் அது நேர்மை ஆகாது. ஒப்பாரியும் தெருப்பாட்டும் பறையும் தமிழ் இசைத்தட்டுகளுக்குள் வந்த காலமெல்லாம் 'நாட்டுப்புறம்' என்ற ஒற்றை முத்திரையோடுதான் வந்தன. பாடிக் கொடுத்தவருக்குப் பெயர் இல்லை, மெட்டுக்கு உரிமையாளர் இல்லை, மேலே இசையமைப்பாளர் பெயர் மட்டும். அந்தப் பெயரின்மையைச் சுமந்த ஒரு பேரன், தன் பாட்டியின் பெயரையே பாட்டுக்குள் வைத்து எழுதிய பிறகும் அவன் இல்லாமல் அது மேடையேறியபோது வந்த கோபத்தை 'பப்ளிசிட்டி' என்று தள்ளியவர்கள் எதைத் தள்ளினார்கள் என்று யோசித்துப் பார்க்க வேண்டும். வருமானமும் உரிமையும் மூவருக்கும் சமம் என்று சந்தோஷ் நாராயணன் பதில் சொன்னார். அது பணத்தைப் பற்றிய பதில். கேள்வி பெயரைப் பற்றியது. விழுக்காடும் பெயரும் இரண்டு தனி விஷயங்கள். மூன்றில் ஒரு பங்கு வாங்குகிறவர் யார் என்று பங்குத்தொகை சொல்லாது.

தாள் ஒன்று, பத்தி நான்கு

அறிவு, சந்தோஷ் நாராயணன், தீ என்று மூன்று தரப்பு அறிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒன்று தெரிகிறது. வரிகள் அறிவுடையவை என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. இசைக்கோப்பு சந்தோஷ் நாராயணனுடையது என்பதிலும் இல்லை. தகராறு முழுக்க மெட்டு என்ற ஒரே பத்தியில். அதை நிரப்பும் வேலையைப் பாட்டு வெளியாவதற்கு முன் செய்யலாம். ஸ்ப்ளிட் ஷீட் (பங்குத் தாள்) என்று ஸ்டுடியோக்களில் சொல்வது இதைத்தான். நம் ஊரில் பலர் அதை லேபிள் கேட்கும்போது, மாஸ்டர் (இறுதி ஒலிக்கோப்பு) போன பிறகு, வாட்ஸப்பில் பேசி நிரப்புகிறார்கள். சரியான நேரம், கடைசிக் குரல் பதிவு முடிந்த அன்று, எல்லோரும் ஒரே அறையில் இருக்கும்போது, பாட்டு ஹிட் ஆகுமா என்று யாருக்கும் தெரியாத நேரத்தில்.

தாளின் தலையில் பாட்டின் பெயர், வேலைப் பெயர், தேதி, நீளம். ஒவ்வொருவருக்கும் சட்டப்பெயர், மேடைப்பெயர், சங்க உறுப்பினர் எண். பிறகு நான்கு பத்தி: சொல், இசை, ஒலிப்பதிவு, நிகழ்த்துநர். சொல்லும் இசையும் சேர்ந்து 100. வழக்கமாக 50, 50. ஒரு எடுத்துக்காட்டு: வரிகள் முழுதும் ராப்பருடையவை என்றால் அந்த 50 அவருக்கு. இசையின் 50-இல் பீட்டும் இசைக்கோப்பும் 25, ஹூக் மெட்டு 12.5, வெர்ஸின் நடையும் ஒப்பாரி மெட்டும் 12.5 என்று ராப்பர், புரொடியூசர், பாடகி மூவரும் ஒப்புக்கொண்டால், கூட்டும்போது ராப்பருக்கு 62.5, புரொடியூசருக்கு 25, பாடகிக்கு 12.5. ஒலிப்பதிவு உரிமை தனி 100, அதை மூவரும் சமமாகப் பிரிக்கலாம். சமப்பங்கு என்றால் 33.33, 33.33, 33.34 என்று எழுத வேண்டும். மூன்றையும் 33.33 என்று விட்டால் 99.99 ஆகும், பதிவுப் படிவம் ஏற்காமல் திரும்பும், திரும்பியதை யாரும் கவனிக்காமல் மாதக்கணக்கில் ராயல்டி நிற்கும்.

மெட்டுப் பத்தியில் 'இசை: எல்லோரும்' என்று எழுதுவதுதான் பின்னாளில் வெடிக்கும். நேரக்குறியோடு எழுத வேண்டும். இந்த விநாடி முதல் இந்த விநாடி வரை ஹூக், மெட்டு இன்னார். இங்கிருந்து இங்கு வரை வெர்ஸ், நடை இன்னார். இந்த எட்டு பார் ஒப்பாரி, மூலம் வாய்மொழி, கொடுத்தவர் இன்னார், இசைக்கோப்பு இன்னார். வாய்மொழி மெட்டுக்கு ராயல்டி கேட்க யாரும் இல்லாமல் இருக்கலாம், பெயர் எழுதுவதற்கு அது தடை இல்லை. ஐந்து நிமிடப் பாட்டுக்கு ஏழெட்டு வரிசைகூட வராது. ஒத்துப்போகாத வரிசை ஒன்றிரண்டு இருந்தால், அவற்றை 'முடிவாகவில்லை' என்று குறித்து எல்லோரும் கையெழுத்துப் போடலாம். தகராறு எட்டு பார் அளவில் நிற்கும், முழுப் பாட்டின் மேல் பரவாது.

தாளுக்குப் பிறகு மெட்டாடேட்டா, அதாவது ஒலிக்கோப்போடு கூடவே போகும் பெயர் விவரங்கள். இங்கேதான் நல்ல மனதோடு செய்தவையும் கெட்டுப்போகின்றன. பாட்டை இணையத் தளங்களில் ஏற்றும் டிஸ்ட்ரிபியூட்டரின் படிவத்தில் முதன்மைக் கலைஞர், ஃபீச்சரிங் கலைஞர் என்று இரண்டு தேர்வு. ஃபீச்சரிங் என்று போட்டால் ஸ்பாட்டிஃபையில் அந்தப் பாட்டு அவருடைய சொந்த வெளியீடுகளில் வராது, பிறர் வெளியீடுகளில் தோன்றியவை என்ற தனி வரிசைக்குப் போகும். பாட்டை எழுதியவரின் பக்கத்துக்குப் போகிறவருக்கு அது விருந்தாளியாகப் போய்வந்த இடமாகத் தெரியும். 2019-இல் அறிவும் ஆஃப்ரோவும் 'தெருக்குரல்' தொகுப்பைக் கொண்டுவந்தபோது ராப்பர் பெயரும் இசைஞர் பெயரும் சமமாக நின்றன. ராப்பர் பாட்டின் பாதிக்கு மேல் எழுதியிருந்தால் இரண்டு பேரையும் முதன்மை என்றே போட வேண்டும் என்பது என் கட்சி. பெயரின் எழுத்துக்கூட்டலும் முக்கியம். ஒரு படிவத்தில் ஒற்றைப் பெயர், இன்னொன்றில் அடைமொழியோடு என்று போனால் ஒரே ஆளுக்கு இரண்டு பக்கங்கள் உருவாகி வரவு இரண்டாகச் சிதறும்.

ரீமிக்ஸ் வரும்போது எல்லாம் மறுபடி முதலிலிருந்து. ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் 12 எழுத்து-எண் கொண்ட ஐ.எஸ்.ஆர்.சி என்ற அடையாள எண் உண்டு. புதுப் பதிவு என்றால் புது எண், புது எண் என்றால் வெற்றுப் படிவம். இதே பாட்டுக்கு பிரெஞ்சு இசைஞர் டி.ஜே ஸ்னேக் செய்ததுபோல் வெளிநாட்டு ஆள் ரீமிக்ஸ் செய்யும்போது அந்தப் படிவத்தை அங்கே யாரோ நிரப்புகிறார்கள், அவர்களுக்குத் தமிழ் வரி எழுதியவர் யார் என்று எவரும் சொல்லாவிட்டால் தெரியாது. பழைய பெயர்கள் தானாக நகர்ந்து வராது. கோப்புகளை அனுப்பும்போது பெயர்ப்பட்டியலையும் ஒரே கோப்புறையில் வைத்து அனுப்ப வேண்டும்.

லேபிள் ஒப்பந்தம் கடைசி. 2024 மார்ச்சில் இந்தப் பாட்டிலிருந்து தன் கைக்குப் பணம் எதுவும் வரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் வீடியோவில் சொன்னார், பாட்டை வெளியிட்ட லேபிளான மாஜா தன் தரப்பு விளக்கத்தை வெளியிட்டது. அதில் தீர்ப்புச் சொல்வது என் வேலை இல்லை. ஆனால் சுயாதீனப் பாட்டு எடுக்கும் எவரும் அந்த வீடியோவுக்குப் பிறகு தம் ஒப்பந்தத்தை எடுத்துப் படித்திருக்க வேண்டும். உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். காலம் எழுதாவிட்டால் 5 ஆண்டு, எல்லை எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்று 19-ஆவது பிரிவு எடுத்துக்கொள்ளும். சொல்லுக்கும் இசைக்கும் உரிய ராயல்டியில் சமபங்கை எழுதியவரும் இசையமைத்தவரும் லேபிளுக்கு விட்டுக்கொடுக்க முடியாது என்று 2012 திருத்தம் சொல்கிறது. சினிமாவில் இல்லாத பாட்டுக்கும் அது பொருந்தும். இதற்கெல்லாம் மேல் இரண்டு வரி சேர்க்க வேண்டும்: காலாண்டுக்கு ஒரு முறை, இத்தனை நாளுக்குள் கணக்குத் தாள் தர வேண்டும், ஆண்டுக்கு ஒரு முறை கணக்கைப் பார்வையிடலாம். யூடியூபில் பார்வை எண்ணிக்கை உலகத்துக்கே தெரியும். வருமானத் திரை சேனல் வைத்திருப்பவருக்கு மட்டும்தான் திறக்கும்.

இன்னும் ஒரு காகிதம் உண்டு, அதை யாருமே தயாரிப்பதில்லை. மேடைக்கு அனுப்பும் தாள். பாட்டை யார் எங்கே பாடினாலும், விழா ஏற்பாட்டாளருக்கு ட்ராக்கோடு சேர்த்து அனுப்ப வேண்டிய அரைப் பக்கம். தொகுப்பாளர் படிக்க இரண்டு வாக்கியம்: எழுதியவர், மெட்டமைத்தவர்கள், இசைக்கோப்பு, வாய்மொழி மூலம். பின்திரையில் போட அதே வரிகள் பெரிய எழுத்தில், குறைந்தது 10 விநாடி. நேரலை ஒளிபரப்புக்குத் தனியாக ஒரு பிரதி, ஏனென்றால் டிவிக்காரர்கள் மேடைத் திரையை எடுப்பதில்லை, தம் சொந்தப் பட்டையை ஓட்டுவார்கள். ஒத்திகை நாளன்று ஒலிப் பொறியாளர், தொகுப்பாளர், ஒளிபரப்பு வேன் என்று மூன்று கையில் அது போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க ஒரு ஆள் வேண்டும்.